பரம்பரை என்று விட்டுவிடாதீர்கள்: மகனின் ஆஸ்துமா பரிசோதனை அனுபவம்

எங்கள் குடும்பத்துக்கு இழுப்பு புதிதல்ல. அம்மாச்சிக்கு இருந்தது, என் அண்ணனுக்கு இன்றும் இருக்கிறது. மகன் இரவில் இருமத் தொடங்கியதும், "ரத்தத்துல வர்றது, என்ன பண்ண முடியும்?" என்று வீட்டில் பேச்சை முடித்துவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் கடிதம் வாங்கி, அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்த்தோம்.

பரிசோதனையின் பெயர் ஸ்பைரோமெட்ரி; ஊதும் மூச்சு எவ்வளவு, எவ்வளவு வேகம் என்று அளப்பது. இழுப்பு வந்தால் உடனே அடிக்கும் நீல இன்ஹேலரைச் சில மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, மூச்சை முழுக்க இழுத்து ஒரே மூச்சில் வேகமாக ஊத வேண்டும். பிள்ளை ஓய்ந்துவிடுவான் என்று பார்த்தால், பக்கத்தில் நின்ற மலாய் நர்ஸ் "தியுப், தியுப், லாகி, லாகி!" (ஊது, ஊது, இன்னும், இன்னும்!) என்று விடவே இல்லை. பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமால் மருந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் ஊதல். மூச்சைக் காட்டும் வரைபடத்தில் முதல் தடவை உள்வாங்கிச் சரிந்த கோடு இப்போது நிமிர்ந்திருந்தது. ஆஸ்துமாதான் என்றார் டாக்டர்.

அதன்பின் அவர் கேட்டதுதான் முக்கியம். குடும்பத்தில் யாருக்கு இழுப்பு என்பதோடு நிறுத்தவில்லை. இவன் கைக்குழந்தையாக இருந்தபோது வீட்டில் யார் சிகரெட் பிடித்தார்கள்? கொசுவர்த்தி உண்டா? புகைமூட்ட நாட்களில் இருமல் கூடுகிறதா?

17ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியில் சில மாற்றங்கள் உள்ள குழந்தைகளுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு அதிகம் என்று 2007இல் கண்டறிந்தார்கள். பிஞ்சு வயதில் சிகரெட் புகையும் சேர்ந்தால் அந்த ஆபத்து இன்னும் ஏறுகிறது என்று அடுத்த ஆண்டே ஓர் ஆய்வு காட்டியது. மரபணு டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டேன். "அதனால இவன் மருந்து மாறப்போறதில்ல. வீட்டுப் புகையை நிறுத்துங்க" என்றார்.

கொசுவர்த்தியை அன்றே நிறுத்தினோம். மலேசியச் சுருள்களையும் சேர்த்துச் சோதித்த 2003ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, ஒரு சுருள் எரிந்து வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்கிறது. மூடிய அறையில், பிள்ளை தலைமாட்டில் அதைத்தான் இத்தனை காலம் ஏற்றிக்கொண்டிருக்கிறோம், ஊரே ஏற்றுகிறது! இப்போது வலை கட்டுகிறோம்.

மாமனாரிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் பால்கனியிலதானேம்மா பிடிக்கிறேன்" என்றார். "கதவு திறந்துதானே மாமா இருக்கு" என்று சொல்லி, ஊதிய கோடு இரண்டையும் காட்டினேன். பேரனையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் கிளினிக்குக்குப் போகிறார். இன்னும் முழுதாக விடவில்லை, ஆனால் கீழே இறங்கிப் போய்த்தான் பிடிக்கிறார்.

மகனுக்குத் தினமும் தடுப்பு இன்ஹேலர், ஸ்பேஸர் (இன்ஹேலரோடு மாட்டும் குழல்) வைத்து. நீங்கள் போவதாக இருந்தால், உறவில் யாருக்கு இழுப்பு என்பதை எழுதும் அதே தாளில், வீட்டில் என்னென்ன புகைகிறது என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள்.