டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி

ஜோத்பூரில் இதயநோய்ப் பிரிவில் ரெசிடென்ட் மருத்துவராக இருந்தபோது, ஒரு நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘அபின் பழக்கம் உண்டு’ என்று எழுதினேன். அது சரிதானா என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு விடைகள் கிடைக்கின்றன.

அவருக்கு 34 வயது. லாரி ஓட்டுநர், பீடி, மது, சர்க்கரை எதுவும் இல்லை. வந்ததோ பெரிய மாரடைப்பு. சேர்க்கும்போது போதைப் பழக்கம் உண்டா என்று கேட்டதற்குக் குடும்பத்தார் இல்லை என்றார்கள். அதைப் பொய்யென்று சொல்ல மாட்டேன். மேற்கு ராஜஸ்தானில் திருமணத்திலும் துக்க வீட்டிலும் அபினை நீரில் கரைத்து, வடிகட்டி, உள்ளங்கையில் ஏந்தி விருந்தினருக்குக் கொடுப்பது மரியாதை. அதை யாரும் போதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடைபட்ட தமனியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் குழாயை வைத்த மறுநாள் அவருக்குக் கொட்டாவி ஓயவில்லை. கண்ணும் மூக்கும் ஒழுகின, கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டார். நாடித்துடிப்பு ஏறுவதைப் பார்த்து நாங்கள் ஸ்டென்ட்டைச் சந்தேகித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய அண்ணன் பாலிதீனில் சுற்றிய மிளகளவுக் கறுப்பு உருண்டையை நீட்டி, “இதைக் கொடுங்கள் டாக்டர் சாப், அடங்கிவிடும்” என்றார். அது அபின்; வழக்கமாக உண்பது கிடைக்காமல் போனதால் வந்த தவிப்பு அது என்று அப்போதுதான் புரிந்தது. மனநலப் பிரிவினரை அழைத்து முறையான மருந்தைத் தொடங்கினோம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் அந்தப் பேச்சு. “விடச் சொல்லுங்கள், விட்டுவிடுவான். காகிதத்தில் மட்டும் எழுதாதீர்கள். வேலை போய்விடும், இன்ஷூரன்ஸ்காரன் பணம் தர மாட்டான்” என்றார் அண்ணன். அவர் பயந்தது வீணாக அல்ல. போதைப் பழக்கத்தின் விளைவுகளுக்கான சிகிச்சையைக் காப்பீட்டு பாலிசிகள் விலக்கியே வைக்கின்றன. “எங்கள் தாத்தா கடைசிவரை சாப்பிட்டார், அவருக்கு இதயம் நிற்கவில்லையே” என்றும் கேட்டார்.

தாத்தாவுக்கு என்னிடம் பதில் இல்லை; பொதுவான பதில் இருந்தது. ஈரானின் கோலெஸ்தான் மாகாணத்தில் சுமார் 50,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளிவந்த ஆய்வில், அபின் உண்போரின் இறப்பு அபாயம் உண்ணாதவரைவிட 1.86 மடங்காக இருந்தது. இதய, இரத்தநாள நோய்களால் நேர்ந்த இறப்புகளும் கூடியிருந்தன. நோய் வந்த பிறகு வலிக்காக அபினைத் தொட்டவர்களை ஒதுக்கிப் பார்த்தபோதும் அந்தத் தொடர்பு நிலைத்தது. ஆனால் அவர்கள் 40 வயதைத் தாண்டியவர்கள். 34 வயதுக்காரரின் தமனியை அடைத்தது அபின்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. நான் எழுதிய வரியோ படிப்பவரை அப்படித்தான் நினைக்க வைக்கும்.

எழுதியதற்கு மருத்துவக் காரணம் வலுவானது. அபினில் உள்ள மார்ஃபின் இரைப்பையை மந்தமாக்கி, ஸ்டென்ட் அடைபடாமல் காக்கும் டிக்காக்ரெலர் போன்ற மாத்திரைகள் இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அடுத்து அவரை நள்ளிரவில் பார்க்கப்போகும் மருத்துவருக்கு இது தெரிந்தாக வேண்டும். ஆனால் அதற்கு அந்தக் காகிதம் அவர் கையில் இருக்க வேண்டுமே. அவர் மறுபரிசோதனைக்கு வரவே இல்லை. தூரம் காரணமாக இருக்கலாம், அந்த வரியாகவும் இருக்கலாம்.

அதன் பிறகு, சொல்வதெல்லாம் பதிவாகும் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு அபினைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலோர் தலையை ஆட்டி மறுத்தார்கள். அறிவிக்காமல் கேட்டால் உண்மை வருகிறது. ஆகவே இப்போது முதலில் கேட்கிறேன், எழுதப்போவதைப் பிறகு சொல்கிறேன். அது எனக்குப் பிடிக்கவில்லை, என்றாலும் அப்படித்தான் செய்துவருகிறேன்.