மூன்று நாள் டெல்லிப் பயணமும் துணி ரோல் தராசும்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஆண்டுக்கு நான்கைந்து முறை டெல்லி, நொய்டா, குருகிராம் என்று போய், அங்குள்ள பையிங் ஆபீஸ்களில், அதாவது வெளிநாட்டு நிறுவனங்களுக்காக உடைகளை வாங்கித் தரும் அலுவலகங்களில், சாம்பிள்களைக் காட்டி ஆர்டர் பேசி வருவதும் இந்த வேலையில் அடக்கம். பல ஆண்டுகளாக, புறப்படுவதற்கு முந்தைய இரவு பத்து மணிக்குமேல் பீரோவைத் திறந்து, கைக்கு வந்ததையெல்லாம் பெட்டிக்குள் திணித்துக்கொண்டுதான் போய்வந்தேன். ஒரு ஜனவரியில் அதற்கான பலனை அனுபவித்தேன்.

அந்த முறை 26 சாம்பிள்களையும் பெரிய பெட்டியில் வைத்து, கோவை விமான நிலையத்தில் லக்கேஜில் போட்டுவிட்டேன். டெல்லியில் பெல்ட் ஓடி நிற்கும்வரை காத்திருந்தும் பெட்டி வரவில்லை. மறுநாள் மாலைதான் விடுதிக்கு வந்து சேர்ந்தது. காலைக் கூட்டத்தில் நான் மடிக்கணினியில் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது, துணியைத் தொட்டுப் பார்க்காமல் என்ன பேசுவது என்று எதிரில் இருந்தவர் கேட்டார். அந்த நேரத்தில் என் தோள்பையில் பத்திரமாக இருந்தவை ஒரு துண்டு, இரண்டாவது ஜோடி ஷூ, 200 மி.லி. தேங்காய் எண்ணெய். அந்த எண்ணெயும் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், டெல்லிக் குளிரில் வெள்ளைக் கட்டியாகிக் குலுக்கினாலும் அசையாமல் கிடந்தது.

இனி சாம்பிள்கள் கையோடுதான் வரவேண்டும் என்று, அடுத்த பயணத்துக்குச் சில நாள் முன்பே, எல்லாவற்றையும் கம்பெனிக்குக் கொண்டுபோய், துணி ரோல்களை எடை போடும் எலக்ட்ரானிக் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். பெரும்பாலான உள்நாட்டு விமானங்களில் கையில் கொண்டுபோகும் பெட்டிக்கு 7 கிலோதான் கணக்கு. என் டிராலிப் பெட்டியோ வெறுமையாகவே 3 கிலோ 400 கிராம் காட்டியது. ஜீன்ஸ் ஒன்று 700 கிராம். 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பனியன் துணி டீ-ஷர்ட் ஒன்று 170 கிராமுக்குள் அடங்க, ஃப்ளீஸ் துணி ஹூடி ஒன்று மட்டும் 600 கிராமைத் தாண்டியது. நான் இத்தனை நாள் சட்டைகளைக் குறைத்துக் குறைத்துப் பார்த்ததெல்லாம் வீண் வேலை என்பதும், பாரம் முழுவதும் சாம்பிள்களிலும் பெட்டியிலும்தான் இருக்கிறது என்பதும் அங்கேதான் புரிந்தது.

அதனால் முதலில் சாம்பிள்களில் கை வைத்தேன். ஒரே ஸ்டைலை நான்கு நிறத்தில் கொண்டுபோவதை விட்டு, ஸ்டைலுக்கு ஒரு பீஸ் மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற நிறங்களுக்குச் சிறு துண்டுகளை வெட்டி அட்டையில் ஒட்டிக்கொண்டேன். நிறத்தை முடிவு செய்ய லேப் டிப், அதாவது மாதிரிக்குச் சாயம் போட்ட சிறு துண்டு போதும். அதற்காக முழு உடுப்பைச் சுமப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் யோசிக்காமல் செய்யும் காரியம். 26 பீஸ் 9 ஆனது. மீதியை மூன்று நாள் முன்னதாகவே கூரியரில் அந்த அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டேன். எடை குறைந்த துணிப்பெட்டி ஒன்றையும் வாங்கினேன். அதன் எடை 1 கிலோ 900 கிராம்.

அடுக்குவதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், எங்கள் பேக்கிங் பகுதியில் இருபது ஆண்டுகளாக வேலை செய்யும் ஓர் அக்கா. தராசுக்குப் பக்கத்தில் நான் தரையில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்ததைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, சட்டை கசங்கறது மடிக்கறதுனால இல்லீங்க, உள்ள ஆடறதுனால. எடம் உட்டீங்கன்னா ஆடத்தான் செய்யும்" என்றார். அட்டைப்பெட்டியில் சரக்கு அனுப்பும்போது உள்ளே இடைவெளி விடக்கூடாது என்று பையர்களுக்கு மின்னஞ்சல் எழுதும் எனக்கு அது தெரியாமல் போனது வெட்கமாகத்தான் இருந்தது. அவர் பனியன் துணியையெல்லாம் இறுக்கமாகச் சுருட்டி ஓரங்களில் செருகினார். நெய்த துணிச் சட்டைகளை மட்டும் ஒன்றின் தலைமாட்டில் மற்றொன்றின் கால்மாடு வருமாறு தட்டையாக அடுக்கி, மடிப்பு விழும் இடத்தில் டிஷ்யூ பேப்பர் வைத்தார். சாம்பிள் பாலிபேக்கின் மூலையில் குண்டூசியால் ஒரு துளை போட்டு, உள்ளங்கையால் காற்றை அழுத்தி வெளியேற்றியதும், ஹூடியின் உயரம் பாதியாகக் குறைந்தது.

உடைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று நாளுக்கு இரண்டு சட்டை, ஒரு பேன்ட் போதும். ஜாக்கெட்டையும் ஷூவையும் உடலிலேயே போட்டுக்கொண்டு போனால் ஒன்றரைக் கிலோ தராசுக்கு வராது, கோவை வெயிலில் விமான நிலையம் வரை கொஞ்சம் வேர்க்கும் என்பதைத் தவிர. தேங்காய் எண்ணெய் இப்போது வருவதில்லை. அம்மா கொடுக்கும் பருப்புப் பொடி வருகிறது. அதை மறுத்துவிட்டுப் புறப்படும் வழி எனக்கு இன்னும் அகப்படவில்லை.

துணியின் எடையை அளக்க வட்டத் துண்டு வெட்டும் ஜி.எஸ்.எம். கட்டரில் பிளேடு இருப்பதால் அதைக் கொண்டுபோவதில்லை. பவர் பேங்க் லக்கேஜில் போகக்கூடாது, கையில்தான் இருக்க வேண்டும். ஆனால் நூல் பிசிர் வெட்டும் சின்ன ட்ரிம்மர் எப்படியாவது பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதுவரை மூன்றைப் பாதுகாப்புச் சோதனையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். போன மாதம் வீட்டிலேயே அந்த ஜிப்பைத் திறந்து பார்த்தேன். அங்கே நான்காவது இருந்தது.