கெமிஸ்ட்ரி வாத்தியார் பாடிய ப்ளூஸ்

ரெண்டு நாளா ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களோட சோகம் தோய்ஞ்ச இசை) பாடகர் சார்லஸ் பிரவுனோட பாட்டுதான் ஓடிக்கிட்டிருக்கு. 1922ல டெக்சாஸ்ல பிறந்தவர். வளர்த்தது தாத்தா பாட்டி. பியானோ கத்துக்க வச்சதும் பாட்டிதான். வேதியியல் பட்டம் வாங்கி, கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்திருக்கார். அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ், கிடார் கலைஞர் ஜானி மூரோட 'த்ரீ பிளேசர்ஸ்' குழு.

அந்தக் குழுவுல டிரம்ஸே கிடையாது. கிடார், பேஸ், இவரோட பியானோ, அவ்வளவுதான். 'டிரிஃப்டிங் ப்ளூஸ்' (1945) கேட்டுப் பாருங்க. ஒரு வரி பாடி நிறுத்துவார், அந்த இடைவெளியில பியானோ சுருக்கமா பதில் சொல்லும். கத்தல், கதறல் எதுவும் இல்ல. பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து தன் கஷ்டத்தைச் சொல்ற மாதிரி ஒரு குரல். பின்னாடி பெரிய பேர் வாங்கின பாடகர் ரே சார்லஸ் ஆரம்பத்துல இவரை அப்படியே பின்பற்றித்தான் பாடினார். அதை அவரே மறைக்காம சொல்லியிருக்கார்.

1949ல 'ட்ரபிள் ப்ளூஸ்' ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பாட்டுகளோட விற்பனைப் பட்டியல்ல 15 வாரம் முதலிடம். 1951ல 'பிளாக் நைட்' 14 வாரம். அப்புறம் ராக் அண்ட் ரோல் அலை வந்துச்சு, இந்த மென்குரலை யாரும் தேடல. கிறிஸ்துமஸ் வந்தா மட்டும் இவர் பாடின 'மெர்ரி கிறிஸ்துமஸ் பேபி' ஒலிக்கும். (அதுலயும் எழுதினவர்னு போட்டிருக்கிறது வேற பேர். அது தான் எழுதினதுன்னு பிரவுன் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தார். எனக்கென்னவோ இவர் சொல்றதுதான் உண்மைன்னு படுது.)

1990 வாக்குல பாடகி பானி ரெய்ட் தன்னோட சுற்றுப்பயணத்துல கூட்டிட்டுப் போனப்பதான் புதுத் தலைமுறை இவரைக் கேட்டுச்சு. 1999 ஜனவரியில இறந்தார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல (இசைக் கலைஞர்களுக்கான கௌரவப் பட்டியல்) சேர்த்தது அதே வருஷம் மார்ச்சுல!

புதுசா கேக்குறவங்க 'பிளாக் நைட்'ல ஆரம்பிங்க.