விராலும் டிரவுட்டும் மூச்சு விடும் விதம்

தஞ்சைப் பக்கத்தில் தூண்டில் போடுகிறவர்களைக் கேட்டால், ஓரிடத்தில் அசையாமல் உட்காரும் பொறுமைதான் தூண்டில்காரனுக்கு முதலில் வேண்டும் என்பார்கள். மதகின் ஓரத்திலோ வாய்க்கால் கரையின் புங்க மரத்தடியிலோ அமர்ந்து, மண்புழு கோத்த முள்ளைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் தக்கை அமிழ்வதற்காகக் காத்திருப்பதே நாம் அறிந்த முறை. மலை ஓடையின் குளிர்நீரில் வாழும் டிரவுட் என்ற மீனை, முள்ளில் கட்டிய போலிப் பூச்சியைக் காட்டிப் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்கிலோ உட்காருவதற்கே இடமில்லை. மீனைத் தேடி, நீரோட்டத்துக்கு எதிராகக் கல்லுக்குக் கல் ஏறிக்கொண்டே போக வேண்டும். இரண்டு முறைகளும் இவ்வளவு விலகிப் போனதற்கு வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு ஆசையைக் காரணமாகச் சொல்வது நம்மிடையே வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மீன் எப்படி மூச்சு விடுகிறது என்பதிலிருந்தே தூண்டிலின் வடிவமும் தொடங்குகிறது.

விராலுக்குச் செவுள்களுக்கு மேலே காற்றைத் தேக்கும் அறை ஒன்று உண்டு. அதனால் கோடையில் சேறாகக் குறுகிய குட்டையிலும் அது பிழைத்துக்கொள்ளும். ஆனால் அவ்வப்போது மேலே வந்து காற்றை வாங்கியே ஆக வேண்டும். அது வாய் வைத்த இடத்தில் எழும் குமிழியைக் கண்டுவைத்து, அதற்குச் சற்று அப்பால் தவளையைத் தட்டித் தட்டி இழுப்பதுதான் நம் ஊர் விரால் தூண்டிலின் நுட்பம். (இப்போது பெரும்பாலும் ரப்பர் தவளைதான், அதுவே நல்லது.) டிரவுட்டுக்கு அந்த வசதி கிடையாது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை மட்டுமே நம்பி வாழும் அதற்கு, நீர் குளிர்ந்திருந்தால்தான் உயிர். கடல்மட்ட அழுத்தத்தில் 10 டிகிரி செல்சியஸ் நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். 20 டிகிரியைத் தாண்டினாலே டிரவுட் திணறத் தொடங்கும் என்பதால், நம் வெண்ணாற்றிலும் வெட்டாற்றிலும் அதைத் தேடுவது வீண்.

ஆனால் அது வாழும் தண்ணீர் நமக்கு அந்நியமானதன்று. நீலகிரியில் அவலாஞ்சியைச் சுற்றியுள்ள ஓடைகள் குந்தா ஆற்றில் சேர்கின்றன; குந்தா பவானியில் கலக்கிறது; பவானி கூடுதுறையில் காவிரியோடு சேர்ந்து கல்லணைக்கு வருகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தஞ்சை ஓராண்டு முழுவதும் பெறுவதை விட அது வெகுவாகக் குறைந்ததன்று. மலையில் பெய்கிற மழைக் கணக்கைப் பார்த்துத் தண்ணீர் வரத்தை மதிப்பிடும் எந்த டெல்டா விவசாயிக்கும் இந்தப் பெயர் பழகியிருக்கும்.

அங்கிருப்பது வானவில் டிரவுட். அதன் சொந்த ஊர் பசிபிக் பெருங்கடலின் வட விளிம்பு. 1860-களில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே உள்ளிட்டோர் நீலகிரியில் டிரவுட்டைக் குடியேற்ற முயன்று தோற்றனர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மீன் வளர்ப்பு வல்லுநர் எச். சி. வில்சன் காலத்தில்தான் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்து, மீன் நிலைத்தது. சில ஓடைகளில் அது தானே முட்டையிட்டுப் பெருகி, காட்டு மீனாகவே மாறிவிட்டது. வந்தேறி மீன் உள்ளூர்ச் சிறு மீன்களையும் தலைப்பிரட்டைகளையும் தின்னும் என்பதால், புதிய ஓடைகளில் அதை விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இருக்கும் இடத்தில் இருப்பதைப் பிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்த ஓடைகளில் பல காப்புக்காட்டுக்குள்ளும் முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள்ளும் இருப்பதால், அனுமதியின்றி நுழையும் எண்ணமே கூடாது.

நீலகிரியில் வேலை பார்க்கும் என் மைத்துனர் உரிய அனுமதியோடு அழைத்துச் சென்ற ஓடை, சில இடங்களில் நம் கண்ணி வாய்க்கால் அளவுக்குக்கூட அகலமில்லாதது. இருபுறமும் புல்வெளி, மடிப்புகளில் மட்டும் சோலை. "மாப்பிள்ள, நிழல் தண்ணியில படாம வாங்க" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். நீருக்குள்ளிருந்து பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஏறத்தாழ 97 டிகிரி கொண்ட ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித்தான் தெரியும். ஆள் குனிந்து வந்தால் அந்தச் சாளரத்தின் விளிம்பில் மங்கலாகக் கலந்துவிடுகிறான். மேலும் டிரவுட் எப்போதும் நீர் வரும் திசையைப் பார்த்தே நிற்கும், ஏனெனில் ஆக்ஸிஜனும் உணவும் அந்தத் திசையிலிருந்துதான் வருகின்றன. ஆகவே பின்னாலிருந்து, அதாவது கீழிருந்து மேலே ஏறிப் போகிறவனுக்கே வாய்ப்பு. வேகமான நீரில் நின்றால் மீனுக்குச் சக்தி விரயமாகும், தேங்கிய நீரில் நின்றால் இரை வராது. எனவே இரண்டும் உரசிச் செல்லும் கோட்டில், ஒரு கல்லின் மறைவில் அது நிற்கும். மதகுக்குக் கீழே சுழலின் ஓரத்தில் கெண்டை நிற்கும் இடத்தைச் சின்ன வயதிலிருந்தே பார்த்த கண்ணுக்கு இந்தக் கோடு உடனே பிடிபட்டுவிடும்.

பிடிபடாதது வீச்சு. நம் தூண்டிலில் ஈயக் குண்டின் கனம் நரம்பை இழுத்துச் செல்கிறது. இங்கே பூச்சிக்குக் கனமே இல்லை. மேற்பூச்சு ஏற்றிய தடித்த நூலே கனம், அதைச் சாட்டை போலப் பின்னால் வீசி, அது காற்றில் முழுவதும் நீளும் வரை பொறுத்து, பிறகுதான் முன்னால் செலுத்த வேண்டும். நூலின் முனையில் வர வர மெலியும் தங்கூசி, அதாவது மெல்லிய நைலான் இழை. அதன் நுனியில் பூச்சி.

பூச்சி கட்டுவதை நான் வீட்டிலேயே செய்கிறேன். முள்ளின் தண்டில் நூலை நெருக்கமாகச் சுற்றி, சிட்டிகை அளவு முயல் மயிரைத் திரித்து உடலாக்கி, நாட்டுச் சேவலின் கழுத்து இறகை அடித்தண்டில் கட்டி, நுனியைப் பிடித்துச் சில சுற்றுகள் சுற்றினால், இறகின் இழைகள் நாற்புறமும் விறைத்து நிற்கும். அந்த இழைகளின் நுனிகள் நீரின் மேல்தோலைத் துளைக்காமல் அதன்மேல் ஊன்றி நிற்பதால்தான் இரும்பு முள் மிதக்கிறது. வயதான சேவலின் இறகுக்கே இந்த விறைப்பு உண்டு. சில வாரங்களில் கறியாகிவிடும் பிராய்லர் கோழியில் இதைத் தேடிப் பயனில்லை.

பூச்சி விழுந்த பிறகு அது நீரின் வேகத்தில் மட்டுமே நகர வேண்டும். இடையில் இருக்கும் வேகமான ஓட்டம் நூலை இழுத்தால் பூச்சியும் கோடு கிழித்துக்கொண்டு ஓடும். டிரவுட் அதைச் சீண்டாது. இதைத் தடுக்க, நூலின் நடுப்பகுதியை உடனே நீரோட்டத்துக்கு எதிர்ப்புறமாகத் தூக்கிப் போட வேண்டும். விராலுக்குத் தவளை துள்ள வேண்டும், டிரவுட்டுக்குப் பூச்சி சும்மா இருக்க வேண்டும். கை மறக்க வேண்டியது இதைத்தான்.

இந்த வீச்சைக் குடமுருட்டிக் கரையில் பழகியபோது, மாடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, புழுவும் இல்லாம காத்தையே அடிச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார். புழு இல்லாமலும் இங்கே மீன் எடுக்கும். ஐப்பசி மழை விட்ட மாலைகளில் பாலத்து விளக்கடியில் ஈசல் கொட்டும்போது, சிறு கெண்டைகள் மேல்மட்டத்துக்கு வந்து ஒன்றையும் விடாமல் விழுங்குவதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த ஈசலைப் போலப் பூச்சி கட்ட, 14-ஆம் எண் கொண்ட சிறு முள்ளும், பழுப்பு உடலும், உடலை விட நீளமாகப் படுத்த இரண்டு வெளிர் இறக்கைகளும் போதும். முள்ளின் செதும்பை, அதாவது நுனிக்கருகே பின்னோக்கி நிற்கும் கூரை, குறட்டால் நசுக்கிவிட்டால் சிறு மீனை நோகாமல் திருப்பி விடலாம். ஈசல் வெகுநேரம் நீடிக்காது. இருட்டில் மெல்லிய தங்கூசியில் முடிச்சுப் போடுவதும் பெரும்பாடு என்பதால், வெளிச்சம் இருக்கும்போதே பூச்சியைக் கட்டிக்கொண்டு போவது உத்தமம்.