வேடந்தாங்கல் ஏரிக்குள் நிற்கும் மரங்களை வரைபடத்தில் எப்படிச் சொல்வது?

மழைக்காலம் முடிந்து நீர் நிறைந்திருக்கும் மாதங்களில், மதுராந்தகத்துக்கு அருகே உள்ள வேடந்தாங்கல் ஏரியின் நீர்க்கடம்பும் கருவேலமும் அடிமரம் நீரில் மூழ்கியபடி நிற்க, அவற்றின் கிளைகளில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருக்கும். கரையில் நின்று பார்க்கும் ஒருவருக்கு இதில் குழப்பம் ஏதும் இராது. அது ஏரி, அதே இடம் தோப்பு, அதே இடம் சரணாலயம். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தன்னார்வலனாக அந்தப் பகுதியைத் திருத்தத் தொடங்கியபோதுதான், மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்ற எளிய செய்தியைக் கணினிக்குச் சொல்ல எவ்வளவு கவனம் வேண்டியிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

அந்த வரைபடத்தில் நிலப்பரப்பு ஒவ்வொன்றும் ஒரு மூடிய கோடு. அது நீரா, மரக்காடா, வயலா என்பதைக் குறிச்சொற்கள் சொல்லும். ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனை பரப்புகளை வரைந்தாலும் தரவுத்தளம் தடுப்பதில்லை. ஆனால் திரையில் ஒரு புள்ளிக்கு ஒரு நிறம்தான் காட்ட முடியும் என்பதால், எது மேலே தெரிய வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்தாக வேண்டும். அந்த வேலை, தரவைப் படமாக மாற்றும் வரைமுறைக்கு உரியது. சுவரில் வண்ணம் பூசுகிறவர் பின்புலத்தை முதலில் பூசிவிட்டு அதன் மேல் பூவேலை செய்வதைப் போல, அது பரப்புகளை வரிசைப்படுத்திக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாகத் தீட்டுகிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் இயல்பான வரைமுறையில் காடு, வயல், குடியிருப்பு போன்றவை ஒரு தொகுதி. அத்தொகுதிக்குள் பெரிய பரப்பு முதலில், சிறியது பிறகு. இதனால் பெரிய வயல்வெளிக்கு நடுவில் இருக்கும் சிறு தோப்பு தானாகவே மேலே வந்துவிடுகிறது. பரப்பளவை மட்டும் வைத்து எடுக்கப்பட்ட இந்த முடிவு பெரும்பாலான இடங்களில் சரியாகவே அமைவதை நான் இன்றும் வியந்து பார்க்கிறேன்.

வேடந்தாங்கலில் அந்த விதி உதவவில்லை. நீர்ப்பரப்புகள் நிலத்தொகுதிக்குப் பிறகு தனித் தொகுதியாகத் தீட்டப்படுவதால், ஏரிக்குள் நான் வரைந்த தோப்பு ஏரியைவிடச் சிறியதாக இருந்தும் அதன் பச்சை நிறம் நீலத்துக்கு அடியில் மறைந்துபோனது. தோப்பைக் காட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் அதற்கு ‘அடுக்கு 1’ என்ற குறியைச் சேர்த்தேன். படம் மாறவில்லை, மாறாததும் நியாயமே. மைனஸ் 5 முதல் 5 வரை கொடுக்கப்படும் அந்த எண், கத்திப்பாராவில் ஒரு சாலையின் மேல் இன்னொரு சாலை போவது போல, ஒரே இடத்தில் உயரத்தால் வேறுபடும் பொருள்களின் மேல்கீழ் உறவைச் சொல்வதற்காக உள்ளது. மரங்கள் ஏரிக்கு மேல் பாலமாக நிற்கவில்லை.

அடுத்து நான் செய்தது அதைவிடப் பெரிய பிழை. வெளிவட்டம், உள்வட்டம் என இரண்டையும் சேர்த்து ஒரே பரப்பாக அறிவிக்கும் பல்பலகோணம் என்ற அமைப்பைப் பயன்படுத்தி, தோப்பு இருக்கும் இடங்களில் ஏரியைத் துளையிட்டுவிட்டேன். படம் அழகாக வந்தது. பச்சைத் திட்டுகள் நீலத்துக்கு நடுவே தெளிவாகத் தெரிந்தன. சில நாள் கழித்து மற்றொரு தன்னார்வலர் பணிவாக ஒரு கேள்வி கேட்டிருந்தார்: அந்தத் திட்டுகளில் தண்ணீர் இல்லையா? இருக்கிறது. ஆனால் என் தரவு இல்லை என்றது. அந்தத் தரவைக் கொண்டு யாராவது ஏரியின் பரப்பைக் கணக்கிட்டால் மரம் நிற்கும் இடமெல்லாம் கழிக்கப்பட்டிருக்கும். தமிழ்நாட்டில் ஓர் ஏரியின் பரப்பு சிறியதாகப் பதிவாவது எப்படிப்பட்ட விளைவுகளுக்கு இடம் தரும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. துளை என்பது தீவுக்கு உரியது. நீருக்குள் நிற்கும் மரம் தீவு அல்ல. துளைகளை நீக்கி ஏரியின் கோட்டை முழுமையாக்கிவிட்டு, தோப்பை அதன் மேல் படியும் மரச் சதுப்பாகக் குறித்தேன். சதுப்பின் குறியீடுகள் நீலத்தை மறைக்காமல் அதன் மேலேயே அச்சாவதால், பார்க்கிறவருக்கும் இரண்டும் தெரிகின்றன.

ஒரு துண்டு நிலத்துக்கு ஒரே பெயர்தான் என்ற எண்ணம் நமக்குப் பழகிப்போனது. வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தில் புல எண்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதில்லை. ஒவ்வொரு உட்பிரிவுக்கும் கிராமத்தின் நிலக் கணக்கேடான அ-பதிவேட்டில் ஒரு வகைப்பாடு உண்டு. தீர்வை விதிப்பதற்கு அந்த ஒழுங்கு தேவைப்பட்டது. செயற்கைக்கோள் படங்களிலிருந்து ஐரோப்பிய விண்வெளி முகமை உருவாக்கிய உலக நிலப்போர்வை வரைபடமும் அதே வழியில்தான் செல்கிறது: 10 மீட்டர் சதுரம் ஒவ்வொன்றும் 11 வகைகளில் ஒன்றாக இருந்தாக வேண்டும். மரமா நீரா என்று அது ஒன்றைத் தேர்ந்தே தீர வேண்டும். இந்த முறைக்குப் பெரிய வசதி உண்டு. எல்லா வகைகளின் பரப்பையும் கூட்டினால் மொத்த நிலத்துக்குச் சமமாக வரும். பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிய இடம் கொடுக்கும் வரைபடத்தில் அப்படிக் கூட்ட முடியாது. எனினும் வேடந்தாங்கலைப் பற்றி உண்மை சொல்ல வேண்டுமானால் அந்தக் கூட்டலை இழப்பதே மேல் என்பது என் முடிவு.

சட்ட எல்லையைச் சேர்க்கும்போது இது இன்னும் தெளிவாகிறது. ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். 1998-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயமோ அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரம் கொண்டது. வட்டமாகக் கணக்கிட்டால் 78 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அதாவது ஏரியைப் போல் 250 மடங்குக்கும் மேல். அதற்குள் ஊர்கள் இருக்கின்றன, நெல்வயல்கள் இருக்கின்றன, வேறு ஏரிகளும் இருக்கின்றன. இவற்றை வெட்டியெடுத்து எல்லையைச் சல்லடையாக்க யாரும் நினைக்க மாட்டார்கள், ஏனெனில் வயல் என்பது தரையில் உள்ள நிலை, சரணாலயம் என்பது அத்தரையின் மேல் உள்ள சட்டம். 2020-இல் அந்த ஆரத்தை 3 கிலோமீட்டராகக் குறைக்க ஒரு முன்மொழிவு எழுந்து பெரும் எதிர்ப்பைச் சந்தித்ததை நினைத்துப் பார்த்தால், அந்த வட்டத்தைப் பச்சைக் கோடாக வரைந்து வைப்பதன் அருமை தெரியும். நிலம் அப்படியே இருக்க, கோடு மட்டும் நகரக்கூடும். இரண்டையும் ஒரே பரப்பில் கலந்து எழுதியிருந்தால் எது நகர்ந்தது என்று பிறகு பிரித்துச் சொல்ல இயலாது. பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு உறுதிசெய்து 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் அளித்த கவுல் என்னும் உரிமை ஆவணமும் இப்படி ஓர் அடுக்குதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு, அதற்குக் கோடு வரைய வழியில்லை என்றாலும்.

எஞ்சியிருப்பது காலம். கோடையில் ஏரி வற்றும்; நான் நீர் என்று வரைந்த இடம் அப்போது வெடித்த வண்டல். அதற்காக இரண்டு பரப்புகளை வரைந்து ஒன்றை மேலும் ஒன்றைக் கீழும் வைப்பது சரியாகாது. கரைமட்டத்துக்கு நீர் நிற்கும் எல்லையை ஏரியாக வரைந்து, அது பருவத்துக்கு நிறையும் நீர் என்ற குறிச்சொல்லைச் சேர்ப்பதே வழி. போன மே மாதம் வெளியான செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து யாரோ நல்லெண்ணத்துடன் ஏரியின் கோட்டை உள்ளே இழுத்திருந்தார்கள். நான் அதைக் கரை வரை மீண்டும் நகர்த்திவிட்டு, திருத்தக் குறிப்பில் ‘நிறைமட்ட எல்லை’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.