விடைத்தாளில் வியர்வை

தூக்க ஆய்வகத்தில் ஓர் இரவு என்றால் எங்களுக்கு ஏறத்தாழ 960 துண்டுகள். நோயாளியின் மூளை அலை, மூச்சு, காலசைவு எல்லாம் அடங்கிய எட்டு மணி நேரப் பதிவை முப்பது முப்பது விநாடியாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் விழிப்பு, என்1 (அரைத்தூக்கம்), என்2 (அதற்கு அடுத்த நிலை), என்3 (ஆழ்ந்த தூக்கம்), ரெம் (கனவுத் தூக்கம்) என்று ஒரு பெயர் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். துண்டுக்கு எபோக் என்று பெயர். அது என்ன முப்பது விநாடிக் கணக்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். காகிதத்தில் பதிந்த காலத்தில் தாள் விநாடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும். 30 சென்டிமீட்டர் பக்கம் அரை நிமிடத்தில் நிரம்பிவிடும். காகிதம் ஒழிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது, பக்கத்தின் அகலம் மட்டும் இன்னும் எங்களை ஆண்டுகொண்டிருக்கிறது.

சென்ற கோடையில் எங்கள் மருத்துவர் என்னை அழைத்து, "ஒரே பதிவை நம் ஐந்து டெக்னீஷியன்களிடமும் கொடுத்தால் ஒரே அறிக்கை வருமா? பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். அவர் கவலையில் நியாயம் இருந்தது. ஒருவருக்கு ஆறு மணி நேரத் தூக்கத்தில் 84 முறை மூச்சு தடைபட்டால் மணிக்கு 14, அதாவது லேசான பாதிப்பு. அதே பதிவில் அரை மணி நேரத்தை வேறொருவர் தூக்கம் இல்லை, விழிப்பு என்று குறித்துவிட்டால், தடைகளின் எண்ணிக்கை மாறாமலே மணிக்கு 15ஐத் தாண்டிவிடும். 15 முதல் நடுத்தரப் பாதிப்பு. லாரி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு அந்த ஒற்றை எண் சாதாரண விஷயம் இல்லை.

பழைய பதிவு ஒன்றிலிருந்து தொடர்ச்சியாக 200 எபோக் எடுத்தேன். ஒரு மணி நாற்பது நிமிடத் தூக்கம். பெயர், தேதி, ஓரக் குறிப்புகள் எல்லாவற்றையும் அழித்தேன். நானே இரண்டு நாள் உட்கார்ந்து விடைத்தாள் தயாரித்தேன். தேர்வு என்ற சொல்லைக் கேட்டதுமே ஆய்வகத்தில் முகங்கள் மாறிவிட்டன. சம்பள உயர்வுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நான் மூன்று முறை சொன்னேன். மூன்று முறை சொன்னதாலேயே யாரும் நம்பவில்லை என்று இப்போது தோன்றுகிறது. பெயருக்குப் பதிலாக அ, ஆ, இ, ஈ, உ என்று எழுத்து கொடுத்தேன். பயன் இல்லை. அலையில் சிறு சலசலப்பு தெரிந்தாலே விழிப்புத் தூண்டல், அதாவது தூக்கம் சட்டென்று கலையும் கணம், என்று குறிக்கும் கை யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்று விநாடியாவது நீடிக்க வேண்டும், அதற்கு முன் பத்து விநாடி நிலையான தூக்கம் இருக்க வேண்டும் என்ற விதியெல்லாம் அந்தக் கைக்கு இரண்டாம்பட்சம்.

கருத்து வேறுபாடு எங்கே வரும் என்பது எனக்கு முன்பே தெரியும். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமியின் ஒப்பீட்டுத் திட்டத்தில் 2,500க்கும் மேற்பட்டோர் மதிப்பிட்டதை வைத்து 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் மொத்த உடன்பாடு 82.6 சதவீதம். ரெம் தூக்கத்தில் 90ஐத் தாண்டியது, என்1இல் 63தான். எங்களிடமும் என்1 அதே கதைதான். டிவி முன்னால் நாற்காலியில் தலை தொங்கும் தாத்தாவிடம் "தூங்குகிறீர்களா?" என்று கேட்டால், "யார் தூங்கினார்கள்?" என்பாரே, அந்த இடம்தான் என்1. கண் மூடி விழித்திருக்கும்போது வரும் ஆல்ஃபா அலை பாதித் துண்டுக்கு மேல் கரைந்திருந்தால் என்1, கரையாவிட்டால் விழிப்பு. பதினான்கு விநாடியா, பதினாறு விநாடியா என்று கண்ணால் அளக்கிற வேலையில் சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

உண்மையான தலைவலி என்3இல் வந்தது. ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான பெரிய அலைகள் ஒரு துண்டில் ஆறு விநாடி இருந்தால் என்3. எங்களில் மூத்தவர் 1968இன் பழைய விதிப்படி தொழில் கற்றவர். 2007இல் மூன்றாம் நிலையையும் நான்காம் நிலையையும் ஒன்றாக்கியதை அவர் இன்னும் மனதால் ஏற்கவில்லை. ஆனாலும் அவருடைய என்3 என் விடைத்தாளோடு அச்சாகப் பொருந்தியது. பிடிபட்டது 'உ'. சேர்ந்தாற்போல் இருபது எபோக்கை நாங்கள் எல்லோரும் என்3 என்றோம். அவள் மட்டும் என்2 என்று போட்டிருந்தாள். இருநூறில் இருபது, பத்து சதவீதம் அங்கேயே போயிற்று. ஐவரில் அவளுக்குத்தான் கடைசி இடம். வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, மறுபயிற்சி கொடுக்கலாம் என்று குறித்துவைத்தேன்.

முடிவைப் பேச எல்லோரும் பெரிய திரை முன்னால் கூடினோம். அந்த இடம் வந்ததும் மூத்தவர், "இதில் என்னம்மா சந்தேகம்? கண்ணை மூடிக்கொண்டு என்3 போடலாமே" என்றார்.

அவள் தயங்கினாள். "அண்ணா, அது வியர்வை. அன்று இரவு நான்தான் பணியில் இருந்தேன். ஏ.சி. நின்றுவிட்டது."

நான் போய் இரவுக் குறிப்பேட்டைப் புரட்டினேன். அவள் கையெழுத்தில் இருந்தது: 2.10க்கு ஏ.சி. நின்றது, 2.50க்கு ஓடத் தொடங்கியது. கத்திரி வெயில் நாள். சென்னையில் மே மாத இரவு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தலைத்தோல் வியர்த்தால் மின்முனைக்கு அடியில் உப்பு நீர் சேர்ந்து, திரையில் கோடு தொட்டில்போல் ஆடும். அந்த ஆட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன். ஓர் அலைக்கு மூன்று விநாடி. மூளையின் மெதுவான அலை இரண்டு விநாடிக்குள் முடிந்துவிட வேண்டும். பாடத்தின் முதல் பக்கத்தில் இருப்பது. நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. பெரிய அலையைப் பார்த்ததும் உயரத்தை அளந்தேனே தவிர அகலத்தை அளக்கவில்லை. அந்த ஆட்டத்தின் முதுகில் சின்னச் சின்னதாக, என்2இன் அடையாளமான வேக அலைக்கொத்துகள், ஸ்பிண்டில்கள் சவாரி செய்துகொண்டிருந்தன. சுத்தமான என்2.

நாங்கள் ஐந்து பேர் ஒரே குரலில் தவறியிருந்தோம். உடன்பாட்டுக் கணக்கில் அது எங்களுக்கு மதிப்பெண்ணாக ஏறியிருந்தது. தற்செயலான ஒற்றுமையைக் கழிக்க 1960இல் கோஹன் என்பவர் தந்த கப்பா என்ற அளவும் என் அட்டவணையில் இருந்தது. எல்லோரும் சேர்ந்து செய்த தவறு அதற்கும் ஒற்றுமைதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அடையாளத்தை எல்லாம் அழித்த பதிவு அவளுக்கு எப்படித் தெரிந்தது? கேட்டேன். காலசைவால், என்றாள். அந்த நோயாளியின் கால் இருபத்தைந்து விநாடிக்கு ஒரு முறை துடிக்கும். இரவு முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம்.

"அப்படியானால் அலையைப் பார்த்துப் போட்டாயா, நினைவில் போட்டாயா?"

"நினைவு வந்த பிறகுதான் அக்கா பார்த்தேன்."

அந்தப் பதிலை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. தேர்வு என்ற முறையில் அது செல்லாது. ஆனால் பதிவை மட்டும் நீட்டி ஓரக் குறிப்பை அழித்துவிட்டு, எல்லோரும் சரியாகச் சொல்லுங்கள் என்று கேட்டதே நான்தான். விடைத்தாளைத் திருத்தினேன். அவள் கடைசியிலிருந்து முதலிடத்துக்குப் போனாள், மற்ற நால்வரும் பத்துப் பத்து சதவீதம் இறங்கினார்கள். மருத்துவரிடம் இரண்டு அட்டவணையையும் கொடுத்தேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "குறிப்பேட்டில் இருந்தது திரையில் ஏன் இல்லை?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது ஏ.சி. நின்றாலும், மின்முனை கழன்றாலும், நோயாளி தலையில் எண்ணெயோடு வந்தாலும் பதிவிலேயே தட்டச்சு செய்ய வேண்டும். எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று சீட்டில் அச்சடித்தே தருகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று படிய வாரி எண்ணெய் தடவி வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஷாம்பூவும் துண்டும் எங்கள் அலமாரியில் நிரந்தரமாகிவிட்டன.

அடுத்த மாதச் சுற்றுக்கு வேறு பதிவு கொடுத்தேன். மூத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் எபோக்கைத் திறந்தார். மவுஸைத் தொடவில்லை. திரும்பி உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "அம்மா, இந்த ராத்திரி ஏ.சி. ஓடியதா?"