மார்கழி கேக், கல்லுப்பு, கோடியக்கரை

டெல்டாவில் கேக் செய்ய மார்கழியைப் போல ஒரு மாதம் கிடையாது. கிறிஸ்துமஸ் வருகிறது என்பதற்காகச் சொல்லவில்லை. வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது அதற்குள் காற்று சிக்க வேண்டும், அந்தக் காற்றுதான் சூட்டில் விரிந்து கேக்கைத் தூக்கிவிடுகிறது. சித்திரையில் எங்கள் மன்னார்குடி வீட்டுச் சமையலறையில் வெண்ணெயை வெளியே வைத்தால் கொஞ்ச நேரத்தில் உருகி ஓட ஆரம்பித்துவிடும், அதில் காற்று எங்கே நிற்கும்? மார்கழி விடியலில் 21, 22 டிகிரிக்கு இறங்கும்போது அதே வெண்ணெய் விரலால் அழுத்தினால் பதிகிற பதத்தில் இருக்கும். இந்தக் குளிரில் இட்லி மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது என்று அத்தைக்குக் கவலை, எனக்கோ வெண்ணெயைப் பார்த்தால் சந்தோஷம்.

எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. பழைய அலுமினிய குக்கர்தான். அடியில் கல்லுப்பை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, மேலே ஒரு தட்டை வைத்து, காஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு மூடி, பத்து நிமிடம் சூடாக்கிவிட்டு மாவு ஊற்றிய டின்னை உள்ளே இறக்கினால், சிறு தீயில் முக்கால் மணி நேரத்தில் ஈர்க்குச்சியில் மாவு ஒட்டாமல் வந்துவிடும். தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடாது.

நான் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன், என் மகளும் இப்போது எட்டாவதுதான் படிக்கிறாள். அரையாண்டு விடுமுறையில் அவளைப் புத்தகத்தைத் திறக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் குக்கர் முன்னால் நிற்கும்போது கேட்டேன், "உப்பு எதுக்குடி?" அடி தீயாமல் இருக்க என்றாள். சரி, அது எப்படி நடக்கிறது? தீ நேராக டின்னைத் தாக்காமல் உப்பு முதலில் வாங்கிக்கொண்டு மெதுவாகப் பரவலாகக் கொடுக்கிறது, அது கடத்தல். உள்ளே சூடான காற்று மேலே போய்ச் சுற்றி வருகிறது, அது சலனம். சூடேறிய பக்கச் சுவர் கேக்கை நோக்கி வீசுவது கதிர்வீச்சு. வெப்பம் பாடத்தில் பிள்ளைகள் உருப்போடும் மூன்றும் அந்த ஒரே குக்கருக்குள் நடக்கின்றன. அப்புறம் தயிரும் சோடா உப்பும் சேர்ந்த இடத்தில் குமிழி வந்ததைப் பார்த்துவிட்டு, கார்பன் டை ஆக்சைடு என்று அவளே சொன்னாள்.

அந்தக் கேக்கைத் துண்டு போட்டு எடுத்துக்கொண்டு மறுநாள் விடியற்காலையில் கோடியக்கரைக்குக் கிளம்பினோம். திருத்துறைப்பூண்டி போய், அங்கிருந்து வேதாரண்யம், பிறகு கோடியக்கரை. பஸ் கண்ணாடிக்கு வெளியே பனி மூட்டம், அது விலக விலகச் சம்பா வயல் கதிர் வாங்கி நிற்பது தெரிந்தது. நாலாவது படிக்கும் சின்னவன் வேதாரண்யம் வருவதற்குள் பாதிக் கேக்கைத் தின்றுவிட்டான்.

1967-லிருந்து சரணாலயமாக இருக்கிற காடு அது. வெளிமான் கூட்டத்தைக் கிட்டத்திலேயே பார்த்தோம், முறுக்கிய கொம்போடு கறுத்திருந்த கிடாவைப் பார்த்ததும் பையன் வாயடைத்துப்போனான். பூநாரைகள் தூரத்தில் வெளிர்சிவப்புக் கோடாகத்தான் தெரிந்தன. உப்புநீரில் வாழும் சின்ன இறால்களையும் பாசியையும் தின்பதால்தான் அந்த நிறம் என்றதும், "அப்ப நிறைய கேரட் தின்னா நானும் மாறுவேனா?" என்று கேட்டான். இது நல்ல கேள்வி. மிக அதிகமாகத் தின்றால் மனிதத் தோலும் கொஞ்சம் மஞ்சளாகும், அதே வகை நிறமிதான்.

திரும்பும் வழியில் அகஸ்தியம்பள்ளியில் இறங்கினோம். உப்பளங்கள் முழுக்க மழைத்தண்ணீர், உப்பு ஒரு கல் இல்லை. நம் குக்கரில் இருப்பது இங்கே விளைவதுதான் என்று ஆசையாகக் காட்ட வந்திருந்தேன், பையனுக்கு ஏமாற்றம். பக்கத்தில் உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக நடந்தே இங்கே வந்த கதையைச் சொன்னேன். மகள் தூணையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அவங்க ஏப்ரல்ல வந்தாங்க. மார்கழியில வந்திருந்தா அள்ள உப்பே இருந்திருக்காதும்மா" என்றாள். எத்தனையோ தடவை வகுப்பில் ஆவியாதல் நடத்தியிருக்கிறேன், இந்தக் கோணத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை.

பள்ளி திறந்ததும் இதையே வகுப்பில் கேட்டேன், உப்பளத்தில் இப்போது என்ன வேலை நடக்கும் என்று. கடைசி பெஞ்சில் அதிகம் பேசாத ஒரு பெண் எழுந்தாள். அவள் மாமா வீடு அந்தப் பக்கமாம். மழைத்தண்ணீரை வடித்துவிட்டு, சேறான பாத்தியைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்குவார்கள், அப்போதுதான் உப்பு மண் ஒட்டாமல் வெள்ளையாக வரும் என்று, எப்படி மிதிப்பார்கள் என்பதையும் நடந்து காட்டினாள். பாடப்புத்தகத்தில் இது இல்லை. பாத்தி மிதிக்கிற சமயத்தில் வகுப்பை அங்கே கூட்டிப்போகத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன், வேனுக்குப் பணம் இனிமேல்தான் பார்க்க வேண்டும். கேக் என் பொறுப்பு.